பிப்ரவரிப் பொட்டலம்

பசை காய்ச்சுவதற்கு மைதாவைவிடக் கிழங்கு மாவு நல்லது. மைதா இரண்டு நாளில் புளித்துப் போகும், கரப்பான் மொய்க்கும். கிழங்கு மாவில் ஒரு துளி மயில்துத்தம் போட்டுக் காய்ச்சினால் ஒரு வாரம் தாங்கும், ஒட்டிய காகிதமும் சுருங்காது. போன மாதம் வந்தபோது நீங்கள் இதைக் கேட்டீர்கள். வக்கீல்கள் நாலைந்து பேர் சுற்றி உட்கார்ந்து உரக்கப் பேசிக்கொண்டிருந்ததால் சொல்ல முடியவில்லை. ஆகையால் இருதயநாதன், முதலில் அதை எழுதிவிட்டேன்.

அடுத்தது, நீங்கள் கடிதம் போட்டுக் கேட்ட விஷயம். எங்கள் வக்கீல் நூலகத்தின் மூன்றாவது அலமாரியில் அடித்தட்டுக்கு விரித்திருந்த பழைய பொட்டல உறை ஒன்றை எடுத்துப் போயிருக்கிறீர்கள். அதில் உங்கள் சட்டப் புத்தகக் கம்பெனியின் எண்ணும், 1944 ஜனவரி 31 என்ற முத்திரையும் இருக்கின்றன. அந்தப் பொட்டலம் அரியலூருக்கு வந்து சேரவே இல்லை என்று நான் கையெழுத்திட்ட கடிதம் உங்கள் திருச்சி ஆபீஸில் இருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும் என்று மரியாதையாகக் கேட்டிருக்கிறீர்கள். இருக்க முடியாதுதான். பொட்டலம் வந்தது. உங்களுக்கு முன்னால் இந்த ஏஜெண்டு வேலையில் இருந்த அமிர்தசாமி அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அதைத் தொலைத்துவிட்டான் என்று அவனுக்கு வேலை போயிற்று. அவன் தங்கையின் நிலம் கைவிட்டுப் போயிற்று. இவ்வளவும் உங்களுக்குத் தெரியும் என்று கடிதத்திலிருந்து புரிந்துகொண்டேன். தெரியாததை மட்டும் எழுதுகிறேன்.

அமிர்தசாமி பதினொரு வருஷம் இங்கே வந்தான். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் இறங்குவான். எங்களிடம் தீர்ப்புத் தொகுப்புகளையும் திருத்தச் சீட்டுகளையும் கொடுத்துவிட்டு, சாப்பிட்டு, பிற்பகல் பஸ்ஸில், போர் வந்த பிறகு கரியில் ஓடும் பஸ்ஸில், பெரம்பலூர் போவான். அந்த பஸ் ஏற்றத்தில் நின்றுபோனால் இறங்கித் தள்ளுவதும் அவன் வேலைதான். வரதராஜன்பேட்டைக்காரன். வீட்டு முந்திரியைத் துணியில் முடிந்து கொண்டுவருவான். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. ரத்தினம்மாள் கடையிலிருந்து வரும் சாப்பாட்டை இருவரும் பகிர்ந்துகொள்வோம். வக்கீல் குமாஸ்தாக்கள் அதை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நான் அவர்களைப் பொருட்படுத்தியதில்லை.

சாப்பிட்ட பிறகு சீட்டு ஒட்டுவோம். இந்தத் தொழிலுக்கு நீங்கள் புதியவர், அதனால் சொல்கிறேன். சட்டத்தில் ஒரு வரி மாறினால் அதற்காகப் புத்தகத்தைப் புதிதாக அச்சடிக்க மாட்டார்கள். மாறிய வரியை மட்டும் சீட்டில் அச்சடித்து அனுப்புவார்கள். பழைய வரி தெரியாதபடி அதன் மேல் ஒட்ட வேண்டியது நூலகர். ஒட்டும் வரை இந்த அறையில் பழைய சட்டம்தான் சட்டம். போர்க்காலத்தில் காகிதப் பஞ்சம், அரசிதழ் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு வக்கீல்களும் என் சீட்டுகளை நம்பித்தான் கறுப்புக் கோட்டு மாட்டினார்கள். பதினைந்து வருஷத்தில் ஒரு சீட்டுகூட நான் கோணலாக ஒட்டியதில்லை. அமிர்தசாமி பசை தடவிக் கொடுப்பான், நான் வைப்பேன். ஒவ்வொரு முறையும் புத்தகத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "எது அச்சு, எது ஒட்டுன்னே தெரியலீங்கய்யா" என்பான். அந்த வார்த்தை எனக்குப் பிடிக்கும். மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

1944 ஜனவரி நான்காம் தேதி, அவன் கை கழுவக் கிணற்றடிக்குப் போனபோது அவன் பை சரிந்து ஒரு நோட்டு கீழே விழுந்தது. எடுத்து வைக்கப் போனேன். திறந்திருந்த பக்கத்தில் எங்கள் பெயர்கள் இருந்தன. எந்த ஆளிடம் எப்படி நடந்துகொண்டால் வியாபாரம் நடக்கும் என்ற குறிப்புகள். பெரம்பலூர் குமாஸ்தா நல்லுசாமிக்கு நேராக, வெற்றிலை வாங்கிக் கொடு, அவசரப்படுத்தாதே. எங்கள் வக்கீல் பஞ்சநாதனுக்கு நேராக, விலையைக் கடைசியில் சொல். அடுத்த வரி என்னுடையது. சீட்டு ஒட்டுவதில் பெருமை உள்ளவர், புகழ்ந்தால் போதும்.

வாளிச் சத்தம் நின்றது. நோட்டைப் பைக்குள் வைத்துவிட்டேன். அவன் வந்தான், உட்கார்ந்தான், மோர் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளினான். நான் சாப்பிட்டேன். எனக்கு வலித்தது. பதினொரு வருஷம் அவன் சொன்ன ஒவ்வொரு நல்ல வார்த்தையும் வெற்றிலைக் கணக்கில் சேர்ந்தது என்றால் வலிக்காதா. ஆனால் அதைக் காட்டிக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை.

பிப்ரவரி ஒன்றாம் தேதி அவன் கொண்டுவந்த பொட்டலத்தை வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். ரசீதில் கையெழுத்துப் போடவில்லை. அந்த வழக்கத்தை நாங்கள் விட்டுப் பல வருஷம் ஆகியிருந்தது. "நமக்குள்ள என்னங்கய்யா கையெழுத்து" என்று அவனே நிறுத்தியதுதான். மேலுறையை மட்டும் பிரித்து அலமாரிக்கு விரித்தேன். காகிதத்தை வீணாக்க எனக்கு மனம் வராது. அன்று சீட்டு ஒட்டவில்லை, பசை புளித்துவிட்டது என்றேன். புளிக்கவில்லை. ஒட்டப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. பொட்டலத்தில் ஒன்பது சீட்டுகள் இருந்தன, எல்லாவற்றையும் படித்தேன். ஏழாவது சீட்டு, கட்சிக்காரர் வராதபோது ஒருதலையாகச் சொன்ன தீர்ப்பை மாற்றக் கேட்கும் கெடுவைப் பற்றியது. அறுபது நாள் என்றிருந்ததை முப்பது நாள் ஆக்கியிருந்தார்கள்.

பிப்ரவரி இருபத்தொன்பதாம் தேதி வக்கீல் பஞ்சநாதன் நூலகத்துக்கு வந்தார். வாசல் படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஒரு சிறுமி தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தப் பெண் ஏலாக்குறிச்சிக்காரி, விதவை. ஒன்றரைக் காணி நிலமும் அதிலே ஒரு கிணறும் இருந்தன. புருஷனின் தம்பி வழக்குப் போட்டிருந்தான். வாய்தா நாளன்று குழந்தைக்கு வாந்திபேதி. அவள் வரவில்லை, தீர்ப்பு அவனுக்குப் போய்விட்டது. தேதி பிப்ரவரி ஏழு. நான் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தையே பிரித்து வக்கீல் முன்னால் வைத்தேன்.

அவர் விரலால் வரியைத் தொட்டுப் படித்தார். "அறுபது நாள். இருபத்திரண்டுதான் ஆவுது. புது ஸ்லிப்பு ஏதும் வந்துச்சா, சிவசுப்பிரமணியம்?"

"வரலீங்க சார்," என்றேன்.

ஒரு மாதமாகச் சீட்டு ஒட்டாமல் கிடக்கிறது என்று அவர் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதுதான் காரணம். அவர் வாசலுக்குப் போய், "அவசரமில்லம்மா, இன்னும் நாள் கெடக்கு. அறுப்ப முடிச்சிட்டுப் பத்திரமெல்லாம் எடுத்துக்கிட்டு வா," என்றார். அவள் எழுந்து இருவரையும் கும்பிட்டாள். அவள் யார் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அவர்கள் போன பிறகு எண்ணிப் பார்த்தேன். முப்பதாவது நாள் மார்ச் எட்டு, புதன்கிழமை. எட்டு நாள் இருந்தது. வக்கீல் வீடு நூலகத்திலிருந்து கூப்பிடு தூரம். தினமும் காலையில் அவர் வீட்டைத் தாண்டித்தான் வருவேன். வியாழக்கிழமை அவர் வாசலில் பல் விளக்கிக்கொண்டு நின்றார், வணக்கம் சொன்னேன். சனிக்கிழமை கூப்பிட்டு, கல்லங்குறிச்சித் தேர் எப்போது என்று கேட்டார், சொன்னேன். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

அவள் யார் என்று தெரியாது என எழுதிவிட்டேன். அது சரியில்லை. படியில் உட்காரும்போதே அவள், "எங்கண்ணன் இங்கதாங்க புஸ்தகம் கொண்டாருவாரு, உங்களப் பத்தி நெறையச் சொல்லும்," என்றாள். விண்ணரசி என்ற பெயரையும் அவனிடமிருந்து பல தடவை கேட்டிருக்கிறேன். தெரிந்துதான் வரவில்லை என்றேன்.

மார்ச் ஏழு, முதல் செவ்வாய்க்கிழமை. அமிர்தசாமி வந்தான். இந்த இடத்தை நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும், ஏனென்றால் அன்று நான் அநேகமாகச் சொல்லிவிட்டேன். மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். இழுப்பறை என் முழங்காலை இடித்துக்கொண்டிருந்தது.

"தங்கச்சி வந்துச்சாமேங்கய்யா. வக்கீல் சார் அறுவது நாள் இருக்குன்னுட்டாராம். இப்பத்தான் அது ராத்திரி தூங்குது," என்றான்.

"நல்லது," என்றேன்.

"அந்த நெலம் இல்லாட்டி அதுக்கு ஒண்ணுமில்லீங்க. ரெண்டும் பொட்டப் புள்ளைங்க. மச்சான் செத்ததுலேர்ந்து அந்தக் கெணத்துத் தண்ணிதான் சோறு போடுது."

இழுப்பறையின் பிடியில் கை வைத்தேன். பொட்டலத்தை எடுத்து மேசைமேல் போட்டு, மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓடிப்போய் வக்கீலைப் பிடித்திருப்பான். மறுநாள் மனு விழுந்திருக்கும். இழுப்பறையை இரண்டு விரற்கடை இழுத்தும்விட்டேன். அந்த நேரத்தில் அவன் மேசையிலிருந்த ஒரு புத்தகத்தைப் புரட்டினான். டிசம்பரில் நான் ஒட்டிய சீட்டு ஒன்று கண்ணில் பட்டது. தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"தஞ்சாவூர், கும்மோணம் எல்லாம் சுத்துறேன். இந்தக் கை யாருக்கும் வராதுங்கய்யா," என்றான்.

இழுப்பறையை மூடிவிட்டேன். அவன் பிற்பகல் பஸ்ஸுக்குப் போனான். புதன்கிழமை முழுவதும் நான் நூலகத்தில்தான் இருந்தேன். கோர்ட்டு ஐந்து மணிக்குக் கலைந்தது.

மார்ச் கடைசியில் மனுப் போட்டார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் திருச்சியிலிருந்து வரவழைத்த, புதுச் சீட்டு ஒட்டிய புத்தகத்தைக் காட்டினார். மனு தள்ளுபடியானது. பஞ்சநாதன் வந்து என் மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார், முகமெல்லாம் வியர்வை. கம்பெனிக்கு எழுதினார்கள். ஜனவரிக் கடைசியில் அனுப்பிவிட்டோம், ஏஜெண்டு கையில் கொடுத்தோம் என்று பதில் வந்தது. என்னிடம் கேட்டார்கள். வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். வாயால் சொன்னதைத்தான் எழுதினேன், வேறு எப்படி எழுத முடியும்.

ஏப்ரலில் அமிர்தசாமி வந்தபோது கண் உள்ளே போயிருந்தது. உட்காரவில்லை.

"குடுத்தேனேங்கய்யா. இந்த மேசை மேலதான் வச்சேன். தும்மிக்கிட்டே வந்தேன், ஞாபகமில்லீங்களா?"

அவன் தும்மியது உண்மை. ஒரே ஒரு தடவை.

"தும்மலா? காய்ச்சலோடல்லவா வந்த," என்றேன். "கண்ணு ரெண்டும் செவந்து கெடந்துச்சு. ரயில்ல கூட்டம், கைப்புள்ளக்காரி ஒருத்திக்கு எடத்த விட்டுட்டு நின்னுக்கிட்டே வந்தேன்னு நீதானே சொன்ன?"

அவன் இடம் விட்டதும் உண்மை. அது ஜனவரி மாதத்துப் பயணம். நான் இல்லாததைச் சொல்லவில்லை, மாதத்தை மட்டும் மாற்றினேன். அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். பிறகு, ஆமாம், ஒரு கைப்பிள்ளைக்காரி இருந்தாள் என்றான்.

மே மாதம் அவனே ஆரம்பித்தான். "நின்னுக்கிட்டு வந்தேன்னா மூட்டய எங்கங்கய்யா வச்சிருப்பேன்?"

"எனக்கென்னப்பா தெரியும். மேல் பலகையில வச்சிருக்கலாம். அவ பக்கத்துலயே வச்சிருக்கலாம்," என்றேன். நல்ல வார்த்தையாகவே சொன்னேன். காய்ச்சல் நேரத்தில் யாருக்கும் வரக்கூடிய மறதிதான், உன்னைக் குறை சொல்ல மாட்டேன் என்றும் சொன்னேன். அவன் அழுதான். தோளைத் தட்டிக் கொடுத்தேன்.

ஜூன் ஆறாம் தேதி வந்தபோது தெளிவாக இருந்தான். எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது என்றான்.

"பச்சச் சட்ட போட்ட புள்ளங்க. பொட்டலத்துக் கயித்தப் புடிச்சு இழுத்துக்கிட்டே வந்துச்சு. நானும் வெளையாட்டுக் காட்டிக்கிட்டு இருந்தேன். லால்குடியில எறங்கிட்டாங்க. அவுங்க மூட்டையோட மூட்டையா அதுவும் போயிருச்சு. நாந்தாங்கய்யா தொலைச்சேன்."

சட்டையைப் பற்றி நான் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கயிற்றைப் பற்றியும் சொல்லவில்லை.

அதை அப்படியே கம்பெனிக்கு எழுதிக் கொண்டுவந்திருந்தான். ஏலாக்குறிச்சிக்குப் போய்த் தங்கையிடம் தன் வாயால் சொல்ல வேண்டும், ரயிலுக்கு முன்னால் தபாலாபீஸ் போக நேரமில்லை என்று கடிதத்தை என்னிடம் கொடுத்தான். அடுத்து வரும் ஏஜெண்டிடம் ஒப்படைக்கச் சொல்லி அந்த நோட்டையும் என் மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

நோட்டு இப்போது உங்களிடம் இருக்கிறது. அதில் ஒரு தாள் குறைவதை நீங்கள் பார்த்திருக்கலாம். பிளேடால் அறுத்தது நான்தான். ஓரம் பிசிறில்லாமல் இருக்கும். அன்று அந்தப் பக்கத்தை இரண்டாவது தடவையாகப் படித்தேன், முதல் தடவையைவிட நிதானமாக. புகழ்ந்தால் போதும் என்ற வரி அமிர்தசாமியின் கையெழுத்து இல்லை. அவனுக்கு முன்னால் வந்துகொண்டிருந்த வெள்ளைச்சாமியின் எழுத்து, பக்கவாட்டில் 1931 என்று தேதியும் போட்டிருந்தது. நோட்டு ஏஜெண்டு கை மாறி ஏஜெண்டு கைக்கு வருவது என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று. எழுத்தைப் பார்த்துப் பிழைக்கிறவன் நான், கையெழுத்தைப் பார்க்கவில்லை. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் அமிர்தசாமி எழுதியிருந்தான். ஐயாவிடம் இந்த வேலை வேண்டாம், அவர் நிஜமாகவே அருமையாக ஒட்டுகிறார்.

கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. ரயில் கிளம்ப இன்னும் கால்மணி இருந்தது. ஸ்டேஷன் தூரமில்லை.

நான் தபாலாபீஸுக்குப் போனேன். உறையில் முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டியிருந்தது. அப்படி ஒட்டிய பிறகு இன்னொருவர் கடிதத்தைப் போடாமல் வைத்துக்கொள்வது முறையில்லை. பெட்டியில் போட்டேன். உள்ளே விழுந்ததா என்று கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

விண்ணரசி, "எம் புள்ளைங்க சோத்த ரயில்ல வுட்டுட்டு வந்துருக்கியேண்ணே," என்று ஒரே வார்த்தை சொன்னாளாம். அதற்கப்புறம் அவனோடு பேசுவதில்லை. நிலத்தை விட்டு எழுந்து அரும்பாவூர்ப் பக்கம் எங்கோ களை வெட்டப் போய்விட்டாள். படியில் தூங்கிய சிறுமி அந்த ஐப்பசியில் இறந்துபோனாள். காய்ச்சல் என்றார்கள். அதற்கும் கெடுவுக்கும் சம்பந்தம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

ஒன்பது சீட்டுகளும் இழுப்பறையில் அப்படியே இருக்கின்றன. இத்துடன் அவற்றை வைக்கவில்லை. இந்தக் கடிதத்தில் என் கையெழுத்து இருக்கிறது, வேண்டுமானால் உறையோடு சேர்த்து மேனேஜரிடம் கொடுங்கள். அவனுக்கு வேலை திரும்பக் கிடைக்கலாம். கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். அவன் இப்போது ஒரு முந்திரிக் கிடங்கில் மூட்டை எடை போடுகிறான். ஊரில் அவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கோயில் பூசைக்குக்கூடப் போவதில்லை என்கிறான். மாதம் ஒரு நாள் லீவு கேட்டு, இரண்டு பஸ் மாறி என்னிடம் வருகிறான். பசை தடவிக் கொடுக்கிறான். போன தடவை, "எல்லாரும் காறித் துப்புனாங்க. நீங்க ஒருத்தருதாங்கய்யா ஒரு சொல்லு சொல்லல," என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சாப்பாட்டைப் பாதியாகப் பிரித்து அவனுக்கு வைத்தேன். மேனேஜரிடம் நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். அவனிடம் மட்டும் சொல்ல வேண்டாம். தெரிந்தால் இங்கே வருவதை நிறுத்திவிடுவான். அதை அவனால் தாங்க முடியாது.